பதினைந்தாவது மட்டை

கோல்ஃப் மைதானத்தின் முதல் குழியிலிருந்து பதினெட்டாவது குழி வரை நடந்தால் கிட்டத்தட்ட ஏழு கிலோமீட்டர். வாரத்துக்கு ஆறு நாள் வீதம் இருபத்தாறு வருடம் அந்த ஏழு கிலோமீட்டரை நடந்த அவர், ஒரு தடவைகூடப் பந்தை அடித்ததில்லை. கேட்டால், "தபால்காரர் எல்லாக் கடிதத்தையும் பிரிச்சுப் படிச்சுட்டா இருக்காரு?" என்பார். அவர் வேலை கேடி வேலை. ஆட்டக்காரரின் மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே நடக்க வேண்டும். கேட்ட மட்டையை எடுத்துக் கொடுக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம், குழி எவ்வளவு தூரம் என்று கேட்டால் சொல்ல வேண்டும், கேட்காவிட்டால் சொல்லக் கூடாது. பந்து தப்பான இடத்தில் விழுந்தால், தானே அடித்ததுபோல முகத்தைத் தொங்கப்போட வேண்டும். இந்தக் கடைசி வேலையில் அவரை மிஞ்ச அந்த மைதானத்தில் ஆள் இல்லை.

மற்றக் கேடிகள் அவருக்கு வைத்த பெயர் 'பதினாலு'. ஓர் ஆட்டக்காரர் பையில் பதினாலு மட்டைக்கு மேல் வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது என்பது கோல்ஃப் விதி. எல்லாக் கேடியும் காலையில் ஒரு பார்வை பார்த்து எண்ணிக்கொள்வான். இவர் மட்டும் ஒவ்வொரு மட்டையின் தலையையும் விரலால் தொட்டு, வாய்விட்டு எண்ணி, 'பதினாலு' என்று முடிக்கும்போது நீதிபதி தீர்ப்பு வாசித்த மாதிரி சுற்றிலும் ஒருமுறை பார்ப்பார். மேல்முறையீடு கிடையாது. ஒரு தரம் எண்ணியதை மறுபடி எண்ணுவது, எண்ணத் தெரியாதவன் செய்கிற காரியம் என்பது அவர் கட்சி.

இன்னொரு பழக்கமும் உண்டு. கீழே எது கிடந்தாலும் எடுத்து, துடைத்து, அதனதன் இடத்தில் வைத்துவிடுவார். அதனதன் இடம் எது என்பதையும் அவரே தீர்மானிப்பார். கொடியிலிருந்து விழுந்த மேல்வீட்டுத் துண்டு அவர் வீட்டு அலமாரியில் மடித்திருக்கும். மனைவி கேட்டால், "கீழ கெடந்துச்சு, எடுத்து வெச்சேன்" என்பார். "கீழ கெடந்தா நம்மளதாங்க?" என்று அந்தம்மாள் தலையில் அடித்துக்கொள்வார்.

மேல்வீடு என்பது மச்சினியின் வீடு. மனைவியின் கூடப்பிறந்த தங்கை. அவள் புருஷனும் அதே மைதானத்தில் கேடிதான். பதினாலு ஒரு வார்த்தை சொல்லித்தான் பத்து வருடத்துக்கு முன் அவனை உள்ளே சேர்த்தார்கள். உள்ளே வந்த சகலை, கேடிக் கொட்டகையின் சிமெண்டு பெஞ்சில் இரண்டு வருடத்துக்கு மேல் உட்காரவில்லை. தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் அவனைத் தன்னோடு வருடம் முழுக்க வைத்துக்கொண்டார். ஊர் ஊராகப் போகிறான், ஓட்டலில் தங்குகிறான், ஓட்டல் குளியலறைச் சோப்புகளைக் கொண்டுவந்து கீழ்வீட்டுக்குத் தருகிறான். பதினாலு வீட்டில் கட்டைவிரல் அளவு சோப்புகள் ஒரு டப்பா நிறைய உண்டு. அவற்றில் குளித்தால் நுரை வருவதற்குள் சோப்பு தீர்ந்துவிடும். குளித்து முடிக்கிற வரைக்கும் மட்டும் சகலையின் ஞாபகம் தீராது.

அவரோ இன்னும் பெஞ்சில். காலையில் வந்து நம்பர் போட்ட வில்லையை வாங்கிக்கொண்டு, சுவரோரம் தன் இடத்தில் சாய்ந்து, நம்பர் கூப்பிடும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். சுண்ணாம்புச் சுவரில் அவர் முதுகு வைத்த இடம் மட்டும் பளபளவென்று இருக்கும். ஐம்பத்து மூன்று வயது. வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரல் தாழ்ந்துவிட்டது. கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீடு. வீட்டுக்குப் போனால் தலைக்கு மேலே சகலை நடக்கிற சத்தம்.

பதினாலுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் ஆனபோது ஆஸ்பத்திரியில் படுக்கை வாங்கிக் கொடுத்தது சகலை. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்க யாரையோ பார்த்துப் பேசியதும் சகலை. உதவி செய்ததில் தப்பில்லை. அதை மறக்காமல் இருந்ததுதான் தப்பு. இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தால், பாதிச் சாப்பாட்டில், "அன்னைக்கு மட்டும் நான் ஒரு போன் போடலேன்னா..." என்று ஆரம்பிப்பான். முடிக்க மாட்டான். முடிக்காத வாக்கியத்துக்குப் பதில் சொல்லவும் வழியில்லை, கை கழுவ எழுந்திருக்கவும் வழியில்லை.

அந்த வருடம் கிழக்கணிக்கும் மேற்கணிக்கும் நடக்கிற மூன்று நாள் ஆட்டம் இந்த மைதானத்துக்கு வந்தது. இரண்டு பக்கமும் தொழில்முறை ஆட்டக்காரர்கள், பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர். கடைசி நாள் ஒருவரோடு ஒருவர் மோதல். ஒரு குழியைக் குறைந்த அடியில் முடித்தவருக்கு அந்தக் குழி. அதிகக் குழி வென்றவருக்கு அந்த மோதல், அவர் அணிக்கு ஒரு புள்ளி. கிழக்கணியில் ஒருவர், ஆறடி மூன்றங்குலம். கேடிகள் வாயில் அவர் 'நெட்டை'. அவருடைய சொந்தக் கேடி ஓட்டல் படிக்கட்டில் கணுக்காலைப் பிசகவிட்டதால், மைதானத்திலிருந்து ஓர் ஆளைக் கேட்டார்கள். பதினாலின் நம்பர் வந்தது.

முதல் இரண்டு நாளும் நெட்டை வென்றார். புல் எந்தப் பக்கம் சாயும், காலை ஈரம் எந்தக் குழியில் கடைசியாகக் காயும் என்று கேட்டதற்கெல்லாம் விடை வந்தது. மூன்றாம் நாள் காலை, ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே அவர் சொன்னார்:

"என் ஆளுக்குக் கால் சரியாக நாளாகும்ங்கறாங்க. சரியானாலும் அவன் போகணும்னுதான் இருக்கான். இன்னிக்கு இந்தப் புள்ளியை எடுத்துக் குடுங்க. அடுத்த மாசத்துலேர்ந்து வருஷம் பூரா நீங்கதான் என்கூட."

"சரி சார்" என்றார் பதினாலு. இருபத்தாறு வருடம் காத்திருந்த ஒரு விஷயத்துக்கு அவரிடம் இருந்தது அந்த இரண்டு வார்த்தைதான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற மனைவியிடம் போய்ச் சொன்னபோது, அந்தம்மாள் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார்.

எதிராளி யார் என்று பலகையில் எழுதினார்கள். மேற்கணியின் 'தொப்பிக்காரர்'. தொப்பியில்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அவருடைய கேடி, சகலை.

"சகலை, இன்னிக்கு நம்ம வீட்டுக்குள்ளயே சண்டை" என்று சிரித்தான் அவன். "நான் ஜெயிச்சா நீங்க டீ வாங்கித் தரணும். நீங்க ஜெயிச்சா நானே வாங்கித் தர்றேன்."

எப்படிப் பார்த்தாலும் அவன் பெரிய மனுஷன் ஆகிற ஏற்பாடு அது.

ஆட்டம் தொடங்குவதற்கு முன் எல்லாரும் பயிற்சிப் புல்வெளியில் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பதினாலு பையை எண்ணி முடித்திருந்தார். நெட்டை கடைசியாக நாலு பந்து அடித்துவிட்டு நடக்க ஆரம்பித்தார். பின்னாலேயே போன பதினாலின் கண்ணில், புல்லோரத்தில் ஒரு வெட்ஜ் பட்டது. வெட்ஜ் என்பது மணலிலிருந்தும் அடர்ந்த புல்லிலிருந்தும் பந்தைத் தூக்கிப் போடுகிற சப்பைத் தலை மட்டை. நெட்டை சற்றுமுன் அடித்துக்கொண்டிருந்ததும் வெட்ஜால்தான். மனிதர் போட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று அதை எடுத்து, ஈரத் துண்டால் துடைத்து, பையில் செருகினார். மறுபடி எண்ணவில்லை. எண்ணத்தான் எண்ணியாயிற்றே.

முதல் குழி சமம். இரண்டாவதும் சமம். மூன்றாவது குழியில் நெட்டை வெட்ஜ் கேட்டார். பதினாலின் கைக்கு இரண்டு வந்தன.

ஒன்றை நெட்டையிடம் கொடுத்தார். மற்றொன்றைத் துண்டுக்கு அடியில் ஓரக்கண்ணால் பார்த்தார். ஒரே கம்பெனி, ஒரே பிடி. ஆனால் கழுத்தில் பச்சை டேப் ஒரு சுற்று. அந்தப் பச்சை டேப்பை அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் வீட்டு மேஜை இழுப்பறையில் இருந்த டேப்தான் அது, போன மாதம் சகலை மாடியிலிருந்து இறங்கி வந்து வாங்கிக்கொண்டு போனது.

விதி அவருக்குத் தலைகீழாகப் பாடம். பதினைந்து மட்டையோடு தொடங்கினால், தொடங்கிய குழிக்கு ஒன்று, அடுத்ததற்கு ஒன்று, ஆக இரண்டு குழி எதிராளிக்குப் போகும். அதற்கு மேல் போகாது. இப்போதே நடுவரிடம் சொன்னால் மூன்றாவது குழியிலேயே நெட்டை இரண்டு குழி பின்னால். புள்ளி போகும். புள்ளி போனால் வருடம் போகும்.

அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது, படித்தவர்களுக்கும் வருகிற யோசனை. இப்போது சொன்னாலும் இரண்டு குழி. பத்துக் குழி கழித்துச் சொன்னாலும் இரண்டே குழி. அதற்குள் நெட்டை நாலு குழி முன்னால் போய்விட்டால், இரண்டு போனாலும் இரண்டு மிச்சம். ஆகவே தள்ளிப்போடுவதில் நஷ்டமே இல்லை. இந்த நியாயத்தில் ஓட்டை இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. பையை மூடித் துண்டை மேலே போட்டுக்கொண்டு நடந்தார்.

ஓட்டை நாலாவது குழியில் கிடைத்தது. தொப்பிக்காரரின் பந்து மணலில் விழுந்தது. "வெட்ஜ்" என்று கையை நீட்டினார். சகலை பைக்குள் கையை விட்டான். இன்னொரு தரம் விட்டான். பிறகு, தொலைந்துபோன குழந்தையைக் கூட்டத்தில் தேடுகிறவன்போலத் தலையைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"எங்க?" என்றார் தொப்பிக்காரர்.

"காலைல இருந்துச்சு சார்."

"காலைல நானும் தூங்கிட்டுதான் இருந்தேன். இப்ப எங்க?"

வேறு ஏதோ மட்டையால் அடித்தார். பந்து மணலிலேயே இருந்தது. மறுபடி அடித்தார். குழி நெட்டைக்கு வந்தது. நெட்டை முகத்தில் சிரிப்பு. பதினாலு தோளில் மாட்டியிருந்த பை, அந்த ஒரு மட்டையின் கனம்தானே கூடியிருக்கிறது, ஒரு மூட்டை சிமெண்டாக இறங்கியது. தன் பக்கம் தண்டனைக்கு உரியது என்று மட்டும் இதுவரை நினைத்திருந்தார். இப்போது எதிராளியின் மட்டையை ஒளித்துவைத்து ஒரு குழி ஜெயித்தும் ஆகிவிட்டது.

அடுத்த குழிக்கு நடக்கும்போது சகலை பக்கத்தில் வந்தான். குரல் இறங்கியிருந்தது.

"சகலை, எங்க வெட்ஜை எங்கயாவது பாத்தீங்களா?"

"உங்க பையை நான் எதுக்குப் பாக்கறேன்?"

"இல்ல, நீங்கதான் கீழ கெடந்தா எடுத்து வெக்கற ஆளாச்சே."

"தம்பி, வேலையப் பாருங்க" என்றார் பதினாலு. சகலையை அவர் 'தம்பி' என்றால் கோபம் என்று அர்த்தம். அவன் விலகிப் போய்விட்டான். அந்தக் கோபம் பதினாலுக்குத் தன்மேலேயேதான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

பொய் என்று எண்ணினால் அதுதான் முதல் பொய். அதுவும் முழுப் பொய் அல்ல, ஒரு கேள்விக்குப் பதிலாகக் கேட்ட இன்னொரு கேள்வி. ஆனால் அதற்குப் பிறகு நடுவரிடம் போய்ச் சொல்ல முடியாது என்று ஆகிவிட்டது. மூன்றாவது குழியில் சொல்லியிருந்தால் அது தவறு. ஐந்தாவதில் சொன்னால் அது திருட்டு.

ஏழாவதும் நெட்டைக்கு. தொப்பிக்காரர் சகலையோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். தேவையான மட்டையைத் தானே உருவிக்கொண்டார், அடித்ததும் சகலையிடம் தராமல் பையில் தானே குத்தினார். ஏழு கிலோமீட்டர் கூட நடக்கிற மனிதன் ஒருவன் பேசாவிட்டால், அது எவ்வளவு பெரிய சத்தம் என்று பதினாலுக்குத் தெரியும்.

பத்தாவது குழித் தொடக்கத்தில் இரண்டு பையும் ஒரே கம்பியில் பக்கத்தில் பக்கத்தில் சாய்ந்திருந்தன. ஆட்டக்காரர்கள் இருவரும் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள். சகலை முதுகைத் திருப்பிப் பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். இரண்டு பைக்கும் நடுவே ஒரு சாண் தூரம். துண்டோடு சேர்த்து மட்டையை மெல்ல உருவி, அந்தப் பக்கம் நழுவவிட்டால் போதும். 'இருந்துச்சுய்யா, இங்கேயே இருந்துச்சு' என்று சகலையும் சந்தோஷப்படுவான். பதினாலின் கை உள்ளே போனது. பிடியைப் பற்றியது. பாதி உருவியாயிற்று.

"மாமா! மாமா! இங்க பாருங்க!"

கயிற்றுக்கு அந்தப் பக்கம் மச்சினி, கையில் போன். பக்கத்தில் மனைவி.

"ரெண்டு பேரும் சேந்து நில்லுங்க. ஏங்க, திரும்புங்க. மாமா, கையை எடுக்காதீங்க, அப்படியே இருங்க, பைமேல கை வெச்சிருக்கறது நல்லா இருக்கு."

சகலை வந்து தோளோடு தோள் நின்றான். பதினாலு கையை எடுக்கவில்லை. எடுக்கவும் முடியாது. மூன்று படம் எடுத்தாள். வாழ்நாளில் அவர் அவ்வளவு நன்றாக எந்தப் படத்திலும் விழுந்ததில்லை என்று பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள். முகத்தில் என்ன ஒரு அடக்கம்! படம் முடிந்தபோது ஆட்டக்காரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். மட்டை மறுபடி உள்ளே இறங்கியது.

பன்னிரண்டாவது குழியை ஒட்டி ஒரு குளம். அதில் எறிந்துவிடலாம் என்று தோன்றியது. ஐந்நூறு பேர் பார்க்க, கேமரா பார்க்க, ஆறடி மூன்றங்குல மனிதர் ஒருவர் பார்க்க, ஒரு மட்டையை எப்படிக் குளத்தில் எறிவது என்பதுதான் பாக்கி. கிழக்கே கயிறு, மேற்கே கயிறு, முன்னால் நெட்டை, பின்னால் சகலை. இத்தனை பெரிய வெட்டவெளியில் திரும்பிக்கொள்ள இடமில்லாமல் போகும் என்று அவர் நினைத்ததே இல்லை.

பதினாலாவது குழி முடிந்தபோது நெட்டை மூன்று குழி முன்னால். மீதி நாலு. பதினைந்தாவதை எடுத்தால் நாலு முன்னால், மீதி மூன்று, ஆட்டமே முடிந்துவிடும். எல்லாரும் கைகுலுக்கி அறைக்குப் போய்விடுவார்கள். மட்டையைப் பயிற்சிப் புல்வெளியில் எடுத்த இடத்திலேயே போட்டுவிடலாம். ஒரு குழி.

பதினைந்தாவதில் நெட்டையின் பந்து, குழியைச் சுற்றி மட்டமாக வெட்டிய குழிமேடைக்கு ஓரத்தில், அடர்ந்த புல்லில் நின்றது. லேசாகத் தூக்கிப் போட்டால் குழிக்குப் பக்கத்தில் உட்காரும். பதினாலு குழியில் நட்ட கொடியைப் பிடிக்க நாலடி முன்னால் போயிருந்தார். பை புல்லில். நெட்டைக்கு அவசரம். காத்திருக்காமல் துண்டை ஒதுக்கி, கைக்கு வந்த வெட்ஜை உருவிக்கொண்டு போய்ப் பந்தின்மேல் நின்றார்.

பச்சை டேப்.

அடுத்தவர் மட்டையால் அடித்துவிட்டால் இரண்டு குழியோடு நிற்காது. ஆளையே ஆட்டத்திலிருந்து நீக்கினாலும் நீக்கலாம். நெட்டை காலை அகட்டி, மட்டையைப் பின்னால் தூக்கினார்.

"சார்!"

கோல்ஃபில் ஒருவர் அடிக்கப் போகும்போது இருமினாலே பாவம். பதினாலு கத்தியது குளத்துக்கு அந்தப் பக்கம் கேட்டது. நெட்டை பாதியில் நின்றார்.

"பைத்தியமா உங்களுக்கு?"

"அது நம்மளது இல்ல சார்."

நெட்டை மட்டையைப் பார்த்தார். அவருக்குப் புரிவதற்குள் சகலைக்குப் புரிந்துவிட்டது. இரண்டடி முன்னால் வந்தான். பச்சை டேப்பைப் பார்த்தான், பதினாலின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் எல்லாம் எழுதியிருந்தது. தொப்பிக்காரர் கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட்டார்.

நடுவர் ஒரு மெலிந்த பெண்மணி, கையில் சிறிய புத்தகம். கேள்வி ஒன்றுதான் கேட்டார்.

"இந்த மட்டை எப்ப இந்தப் பைக்குள்ள வந்துச்சு? ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடியா, தொடங்கின அப்புறமா? நடுவுல யாரோ தப்பா மாத்தி வெச்சதுன்னா தண்டனை இல்ல, திருப்பிக் குடுத்துட்டுப் போகலாம். முன்னாடின்னா ரெண்டு குழி."

சகலை முந்திக்கொண்டான்.

"ரெண்டாவது குழில நாந்தான் மேடம் புல்லுல வெச்சுட்டு மறந்துட்டேன். இவரு எடுத்து வெச்சிருப்பாரு. கீழ எது கெடந்தாலும் எடுத்து வெக்கற மனுஷன். பாவம்."

எத்தனை சுலபமாக வந்தது அவனுக்கு! தன் ஆட்டக்காரர் தன்னைக் கடித்துத் தின்கிற நிலையில், தன் அணிக்கே விரோதமாக, சகலைக்காக ஒரு பொய். நல்ல மனசுதான். அதில் சந்தேகமே இல்லை.

நடுவர் பதினாலிடம் திரும்பினார். "அப்படித்தானா?"

தலையை ஒரு விரல்கடை அசைத்தால் போதும். புள்ளி, வருடம், ஊர் ஊரான ஓட்டல், எல்லாம் அந்த ஒரு விரல்கடைக்குள் இருந்தது. பதினாலு அசைக்கத்தான் போனார். அப்போது சகலை அவரைப் பார்த்துக் கண்ணை லேசாகச் சிமிட்டினான். 'நான் பாத்துக்கறேன்' என்கிற சிமிட்டல். ஆஸ்பத்திரி வராந்தாவில் சிமிட்டியது, கல்லூரி வாசலில் சிமிட்டியது. இனி சாகிற வரைக்கும் ஒவ்வொரு சாப்பாட்டிலும் பாதியில் நிற்கப்போகிற ஒரு வாக்கியம் அவர் காதில் முழுசாகக் கேட்டது: 'அன்னைக்கு மட்டும் நான் ஒரு பொய் சொல்லலேன்னா...'

"இல்லைங்க" என்றார். "ஆட்டத்துக்கு முன்னாடி. பயிற்சி நடக்கற எடத்துல எடுத்தேன். மூணாவது குழியிலயே பாத்துட்டேன். சொல்லல."

"இவருக்குத் தெரியுமா?" நடுவர் நெட்டையைக் காட்டினார்.

"தெரியாதுங்க. எனக்கு மட்டும்தான்."

நடுவர் புத்தகத்தை மூடினார். இரண்டு குழி.

சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள். நேர்மைக்குக் கைதட்டல் கிடைப்பது அபூர்வம். கிடைத்தது தவறான காரணத்துக்கு என்பது வேறு விஷயம். மூன்று முன்னால் இருந்த நெட்டை ஒன்று முன்னால் ஆனார். பதினைந்து சமம். பதினாறு போயிற்று. பதினேழு சமம். பதினெட்டில் நாலடித் தூரத்தில் நின்ற பந்தை நெட்டை குழிக்கு அந்தப் பக்கம் தட்டிவிட்டார். ஒரு குழியில் தோற்றார். கிழக்கணி மற்றவர்கள் புண்ணியத்தில் மொத்தத்தில் வென்றுவிட்டது. ஆக, வென்ற அணியில் தோற்ற ஆட்டக்காரரின் கேடி என்ற ஒரு விசித்திரமான இடத்தில் பதினாலு நின்றார். அணித்தலைவர் வந்து முதுகில் தட்டி, "உங்கள மாதிரி நாலு பேரு வேணும்" என்றார். ஒரு பேரைக்கூட அவர் கூட்டிக்கொண்டு போகவில்லை.

நெட்டை உடைமாற்றும் அறை வாசலில் நின்று கையைப் பிடித்துக்கொண்டார். கோபம் இல்லை. இருந்திருக்கலாம் என்று பதினாலுக்குத் தோன்றியது.

"நல்ல மனுஷன் நீங்க. உண்மையாவே சொல்றேன். ஆனா எனக்கு எண்ணத் தெரிஞ்ச ஆளு வேணும்."

"சரி சார்" என்றார் பதினாலு.

பையை ஒப்படைத்துவிட்டு வண்டி நிறுத்துமிடத்துக்குப் போகிற வழியில், தொப்பிக்காரர் கூப்பிட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். உள்ளே முடி நன்றாகவே இருந்தது.

"உங்க சொந்தக்காரன் இன்னிக்கு ரெண்டு காரியம் பண்ணான். ஒண்ணு, என் மட்டையைத் தொலைச்சான். ரெண்டு, எனக்கு எதிரா நடுவர்கிட்ட பொய் சொன்னான். மொதல்தை மன்னிக்கலாம். அவனை நிறுத்திடறதாதான் இருக்கேன். நீங்க வர்றீங்களா? வருஷம் பூரா."

இருபத்தாறு வருடத்தில் ஒரே நாளில் இரண்டு தரம். பதினாலு தரையைப் பார்த்தார். கீழே எதுவும் கிடக்கவில்லை.

வர்றேன் என்றுதான் வாயில் வந்தது. ஆனால் அந்த வேலை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், அதுவும் மாடியிலிருந்துதான் இறங்கி வருகிறது. சகலை தொலைத்த மட்டை, சகலை சொன்ன பொய், சகலை விட்டுப்போன இடம். சோப்பு மாதிரி.

"வேண்டாங்க. அவனையே வெச்சுக்கோங்க. அவன் பொய் சொன்னது உங்களுக்கு எதிரா இல்ல, எனக்காக. எண்றதுல என்னைவிடக் கெட்டி."

"நெஜமாவா சொல்றீங்க?"

"அவனுக்குத் தெரிய வேண்டாம்" என்றார் பதினாலு.

தொப்பிக்காரர் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

சகலையின் சிறிய காரில் நாலு பேரும் ஏறினார்கள். பதினாலுக்கு முன்சீட்டு, மரியாதை. முழங்கால் டாஷ்போர்டில் இடித்தது. அந்தப் பக்கக் கண்ணாடி இறங்காது. மெயின் ரோட்டில் ஆட்டம் முடிந்து கிளம்பிய வண்டிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. சகலைக்குப் பேச்சு ஓயவில்லை.

"நான் அவ்வளவு தூரம் கையை நீட்டினேன் அக்கா. புடிச்சுக்கத் தெரியல இவருக்கு. என் ஆளு என்கிட்ட எப்படி மொறைச்சாரு தெரியுமா? வேலையே போயிடும்னு நெனச்சேன். இப்பதான் கூப்பிட்டு, அடுத்த வாரம் கிளம்பணும், ரெடியா இருன்னாரு. எப்படி மனசு மாறுச்சுன்னே தெரியல. என்மேல அவருக்கு ஒரு இது இருக்கு."

"இருக்காதா பின்ன" என்றாள் மச்சினி.

பதினாலின் நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் வந்து நின்றது. அதைச் சொன்னால் பத்து வருடத்துப் போனும் பொய்யும் ஒரே மூச்சில் அடங்கிவிடும். சொன்ன மாத்திரத்தில், அவன் வேலை அவனுக்கு யார் போட்ட பிச்சை என்பதும் தெரிந்துவிடும். மாடியில் மச்சினி அப்புறம் எப்படி நடப்பாள்? அவர் வாக்கியத்தை விழுங்கினார். அது லேசில் இறங்கவில்லை.

பின்சீட்டிலிருந்து மனைவி குனிந்து கேட்டார். "வருஷம் பூரான்னாங்களே, அது என்னங்க ஆச்சு?"

"இல்லைன்னுட்டாரு."

"ஒரேயடியாவா?"

"ஒரேயடியா."

"விடுங்க சகலை" என்றான் அவன், ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து அவர் தொடையில் தட்டி. "எங்க ஆளுகிட்ட உங்களைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்லிப் பாக்கறேன்."

முன்னால் நின்ற வண்டி நகர்ந்தது. பதினாலு இறங்காத கண்ணாடியை ஒரு தரம் இறக்கிப் பார்த்தார்.

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க, தம்பி" என்றார்.